ரத்தம் போகாத கால்

கிழித்த வேட்டித் துண்டை முறுக்கிக்கொண்டு தாணேயிலிருந்து வந்த பெரியப்பா, செத்துக் கிடந்த தம்பியின் காலடியில் குத்தவைத்து உட்கார்ந்தார். வாய்க்கட்டு போட்டாயிற்று, கைக்கட்டும் போட்டாயிற்று. இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டுவது ஒன்றுதான் பாக்கி. இடது விரலில் துணியைச் சுற்றிவிட்டு வலது காலைப் பிடித்தார். அது கணுக்கால்வரை ஆஸ்பத்திரிக் கட்டுக்குள் இருந்தது. கட்டுக்கு மேலேயே தடவித் தடவிப் பார்த்தார். விரல் அகப்படவில்லை.

"எலே கண்ணா, இந்தக் கட்ட அவுருலே."

"வேண்டாம் பெரியப்பா. மேலாக்க அப்படியே கட்டிருங்க" என்றான் சுடலைக்கண்ணன்.

"மேலாக்க கட்டுததுக்கு இது என்ன பார்சலா?"

அவரே அவிழ்த்தார். கடைசிச் சுற்று ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் இருந்த பெண்கள் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனார்கள். செத்தவருக்கு அது மரியாதையில்லை என்று நினைவு வந்து உடனே இறக்கினார்கள். பாதம் பாதிவரை கறுத்திருந்தது. பெருவிரல் இருக்க வேண்டிய இடத்தில் தையல் போட்ட குழிதான் இருந்தது.

"வெரல எங்கலே?"

"எடுத்துட்டாவ. மூணு வாரம் ஆச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையேலே!"

"அப்பா சொல்லாண்டாம்னுட்டாவ."

பெரியப்பா துணியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லார் முகத்தையும் பார்த்தார். தாராவியில் அவர் எத்தனையோ பேருக்குக் கால் கட்டியிருக்கிறார். விரல் இல்லாதவருக்குக் கட்டியதில்லை. "எதச் சேத்துக் கட்டுதது இப்போ?" என்று கேட்டார். கடைசியில் இரண்டு கணுக்கால்களையும் சேர்த்துக் கட்டி, அவரே ஒரு போர்வையை இழுத்து மூடினார்.

மாரீஸ்வரி அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அந்த அறையில் இந்தக் காலைப் பற்றி எல்லாம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஐயோ, தெரிந்துதான் என்ன ஆயிற்று!

செம்பூரில் சர்க்கரை நோயாளிகளின் கால்களைப் பார்க்கிற கிளினிக் ஒன்றில் ஏழு வருஷமாக அவள் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். அங்கே அவள் பெயர் ஈஸ்வரி. முன்பாதியை அவளே வெட்டிவிட்டாள். வருகிறவர்களுக்குக் கொடுக்கிற துண்டுப்பிரசுரம் ஹிந்தியிலும் மராத்தியிலும் இருந்தது. தமிழில் எழுதத் தெரிந்த ஆள் அவள்தான் என்பதால் டாக்டர் சாதனா அவளையே எழுதச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினாள். 'உங்கள் காலுக்கு ரத்தம் போகிறதா?' என்று தலைப்பு வைத்தாள். புகைக்கிறீர்களா, சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, கொழுப்பு கூடுதலா, ஐம்பது தாண்டிவிட்டதா, நடந்தால் கெண்டைக்கால் வலித்து நின்றால் சரியாகிவிடுகிறதா? ஆறு கேள்விகள். மூன்றுக்கு ஆம் என்றாலே உடனே வாருங்கள் என்று கீழே தடித்த எழுத்தில் போட்டாள்.

அவள் அப்பா பூதத்தான் முப்பத்தைந்து வருஷம் தோல் பை பட்டறையில் வெட்டு மேஜை முன்னால் நின்றவர். ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி. பதினோரு வருஷமாகச் சர்க்கரை. போன வருஷம் அவள் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து வாசித்துவிட்டு, "நீ எழுதுனதா மாரி? அச்சுல வந்திருக்கே!" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு சிரித்துக்கொண்டே, "ஆறுல அஞ்சு எனக்கு இருக்கு பாத்துக்கோ. கொழுப்பு மட்டும் தெரியல. உங்கம்மா அதுவும் இருக்குங்கா" என்றார். அதை ஜெராக்ஸ் எடுத்துப் பட்டறையில் எல்லாருக்கும் கொடுத்தார். என் மக எழுதினது, என் மக எழுதினது.

"அதெல்லாம் ரொம்ப முத்தினவங்களுக்குப்பா" என்று மாரீஸ்வரி சொன்னாள். அவள் வாயாலேயே சொன்னாள்.

கிளினிக்கில் சேர்ந்த புதிதில் சாப்பாட்டு மேஜையில் யாரோ அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். "லெதர் பேக் பிசினஸ். சயன்ல" என்று தாராவிக்குப் பக்கத்து வசதியான பேட்டையைச் சொன்னாள். வாயில் வந்துவிட்டது. வந்ததை விழுங்கியிருக்கலாம், விழுங்கவில்லை. ஒரு தீபாவளிக்கு அப்பா ஆசையாகக் கொடுத்தனுப்பிய பைகளை, "எங்க ஃபேக்டரி பை" என்று எல்லாருக்கும் கொடுத்தாள். அதற்குப் பிறகு எங்கே பின்வாங்குவது! நவம்பரில் கிளினிக்கில் முகாம் வைத்தபோது, ஸ்டாஃப் எல்லாரும் முதலில் உங்கள் அப்பா அம்மாவைக் கூட்டி வாருங்கள் என்றார் டாக்டர் சாதனா. கையில் கட்டிப் பிரஷர் பார்க்கிற பட்டையைக் கணுக்காலிலும் கட்டிப் பார்க்கிற சோதனை, பத்து நிமிஷம். மாரீஸ்வரி மாமியாரைக் கூட்டிப் போனாள். மாமியாரின் கால்களில் ரத்தம் குதித்துக்கொண்டு ஓடியது.

அதே நவம்பரில்தான் பேத்தியின் பிறந்தநாளுக்கு அப்பா செம்பூர் வந்தார். ஸ்டேஷனிலிருந்து அவள் கட்டடத்துக்கு எழுநூறு எட்டுகூட இருக்காது. வழியில் நாலு தடவை நின்றார். சேலைக் கடை முன்னால் நின்றார், மொபைல் கடை முன்னால் நின்றார், பூட்டின பல் டாக்டர் கடை முன்னாலும் நின்று போர்டை வாசித்தார். கேக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்ற மாரீஸ்வரிக்கு எரிச்சல். "என்னப்பா ஊர் பாக்க வந்தவங்க மாதிரி பராக்குப் பாத்துக்கிட்டு?"

"சும்மாதான். கலர் நல்லாருக்கு."

பல் டாக்டர் போர்டில் என்ன கலர்? கெண்டைக்கால் வலிக்கிறதா என்கிற ஆறாவது கேள்வி அவள் கண் முன்னாலேயே நின்று மூச்சு வாங்கியது, அவளோ பிறந்தநாளுக்கு நேரமாகிறது என்று வாட்சைப் பார்த்தாள். அதை நினைக்கும்போது அவளுக்கு இப்போது காது மடல்கள் சுட்டன.

ஜனவரியில் தோல் வெட்டுகிற இரும்பு அச்சு அவர் கால் விரலில் விழுந்தது. வலிக்கவில்லை, அதனால் ஒன்றுமில்லை என்றார். கண்ணன் இரண்டு தடவை போன் செய்தான். "அக்கா, உங்க கிளினிக்ல ஒரு தடவ காட்டலாமா? வெரல் ஒருமாதிரி ஆவுது."

"ஆறு மாசத்துக்கு அப்பாயின்ட்மென்ட் இல்லடா. அங்கேயே லோக்கல் டாக்டர்ட்ட காட்டு."

இரண்டு தடவையும் அதே பதில். லோக்கல் டாக்டர் களிம்பு கொடுத்தார். களிம்பு தீர்ந்தபோது பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "காலுக்கு ரத்தமே போகல. முன்னாடி வந்திருந்தா ரத்தக் குழாய் அடைப்பத் திறந்திருக்கலாம். இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க?" என்று கத்தினார் அங்கே இருந்த சர்ஜன். கண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். மாரீஸ்வரி எக்ஸ்ரே கவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். விரலை எடுத்தும் கறுப்பு நிற்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்க நாள் குறித்தார்கள். அந்த நாளுக்கு முந்தின நாள், அதாவது இன்று விடியும் முன், இதயமும் நின்றுவிட்டது.

கையில் போன் அதிர்ந்தது. டாக்டர் சாதனா. 'ஈஸ்வரி, இப்போதான் கேள்விப்பட்டேன். கிளம்பறேன். சயன்ல எங்கே? லொகேஷன் அனுப்பு.'

மாரீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். தகரப் பரண், நீலப் பீப்பாய், சுவரோரம் அப்பா, வாசலுக்கு வெளியே கல்லிச் சந்தின் நடுவில் ஓடும் சாக்கடை. ஃபேக்டரி முதலாளி வீடு! அவள் விரல்கள் தாமாக அடித்தன: 'எடுத்துட்டாங்க மேடம். நீங்க சிரமப்படாதீங்க.'

உயிரோடு இருந்தவரை அப்பாவை மறைத்தாள். இப்போது பிணத்தையும் மறைத்தாயிற்று. அனுப்பிவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் சேலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

வெளியே சத்தம் கேட்டது. சடங்குக்குத் தண்ணீர் எடுக்கும் நீர்மாலைக்குப் போய்விட்டு ஈர வேட்டியோடு வந்த கண்ணனைப் பெரியப்பா நடுக் கல்லியில் நிறுத்திவைத்திருந்தார்.

"கூடவே இருந்தியேலே! ஒரே வீட்ல இருந்துக்கிட்டு அப்பன் காலு அழுகுதது கூடவா தெரியாது? பீடி வாங்கிக் குடுக்க மட்டும் தெரியும். பேசுலே!"

அவன் என்ன பேசுவான்! அக்கா முயற்சி செய்தும் இடம் கிடைக்கவில்லை என்றுதான் அவன் இந்த நிமிஷம்வரை நம்பிக்கொண்டிருக்கிறான்.

"அங்க மக ஆஸ்பத்திரில வேல பாக்கா. எவ்வளவு படிச்ச பிள்ள! அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா தாங்கிருப்பாள்லா? சொல்லாம கொள்ளாம கொன்னுட்டியேலே." பெரியப்பா கையை ஓங்கினார். ஓங்கியதோடு நிற்கவில்லை. ஈரக் கன்னத்தில் விழுந்த அடி உள்ளே கேட்டது. அம்மா மீனாட்சியம்மாள், "ஏ, எம் பிள்ளய அடிக்காதிய!" என்று அலறினாள். "இவன் கையால கொள்ளி வைக்கணுமாக்கும்" என்றார் பெரியப்பா.

மாரீஸ்வரி எழுந்து வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அவன் இல்ல பெரியப்பா. நான்தான். அவன் எங்கிட்ட சொன்னான். நான்தான் கூட்டிட்டுப் போகல."

பெரியம்மா ஓடி வந்து அவளை மார்போடு அணைத்துக்கொண்டாள். "பாத்தியளா! தம்பிக்கு அடி விழுந்ததும் பழியத் தன் தலையில போட்டுக்கிடுதா. இந்தத் தங்கத்தப் பெத்துட்டுப் போயிட்டாரே மனுசன்!"

"இல்ல பெரியம்மா, நெசமாத்தான்..."

"அழாத. எங்களுக்குத் தெரியும் உன்னய."

சுற்றி நின்ற பெண்கள் தலையசைத்தார்கள். பெற்றால் இப்படிப் பெற வேண்டும் என்றாள் ஒருத்தி. மாரீஸ்வரிக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்தால் தேவலை போலிருந்தது. உண்மையைச் சொல்லியும் அது அவள் நல்ல பேரில் போய்ச் சேர்ந்துகொண்டது. கண்ணன் கன்னத்தைத் தடவியபடி அவளையே பார்த்தான். அவனும் நம்பவில்லை. அவன் கண்ணில் நன்றிதான் இருந்தது. அந்த நன்றியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் போய் நின்று போனை எடுத்தாள்.

"மேடம், ஈஸ்வரி பேசறேன். அப்பாவை இன்னும் எடுக்கலை. பொய் சொல்லிட்டேன். நீங்க வரணும். சயன் இல்லை. தாராவி. மெயின் ரோட்டுல பள்ளிவாசலுக்கு எதிர்க் கல்லி. பூதத்தான் வீடுன்னு கேளுங்க."

"அரை மணியில வந்துடறேன்" என்றார் டாக்டர் சாதனா.

பெரியப்பாவிடம் போய், எங்கள் டாக்டர் வருகிறார், அதுவரை எடுக்க வேண்டாம் என்றாள். அவருக்குக் கோபம் எங்கே போயிற்றோ! "டாக்டரேவா வாராவ? நம்ம வீட்டுக்கா?" என்று கல்லி முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். இன்னொருவர் சாக்கடைமேல் பலகை போட்டார். முனையில் தள்ளி நின்றிருந்த அவள் புருஷன் வெங்கி பதறிக்கொண்டு வந்து, "உங்க மேடத்தையா இங்க வரச் சொன்னே? யோசிச்சுதான் செய்றியா?" என்று காதில் கேட்டான்.

"இப்பதான் யோசிக்கிறேன்" என்றாள் மாரீஸ்வரி.

டாக்டர் சாதனா செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளே வந்தார். மாட்டுங்காவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர்; தமிழ் பேச வரும், எழுத வராது. தலை நரைத்த ஒல்லி மனுஷி. நாற்காலியில் உட்காரவில்லை. மீனாட்சியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தார். அறையை ஒரு தடவைகூடச் சுற்றிப் பார்க்கவில்லை. அது மாரீஸ்வரிக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

"என்னம்மா ஆச்சு? ஹார்ட்டா?"

மாரீஸ்வரி காலடிக்குப் போய்ப் போர்வையை முழங்கால்வரை விலக்கினாள்.

"இது எங்கப்பா மேடம். பட்டறையில கட்டிங் வேலை பாத்தாங்க. முதலாளி இல்லை."

டாக்டர் அந்தக் காலைப் பார்த்தார். தினமும் இதையே பார்க்கிறவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு நாளாக, எப்போதிலிருந்து, எங்கே அடைப்பு, எல்லாமே அவருக்கு அந்த நிறத்திலேயே தெரிந்திருக்கும். அவர் முகம் மாறியது. ஆனால் எதுவும் கேட்கவில்லை. கேட்டது கண்ணன்.

"டாக்டரம்மா, உங்ககிட்ட கொண்டு வந்திருந்தா பொழச்சிருப்பாவளா? அக்கா எவ்வளவோ பாத்தா. ஆறு மாசத்துக்கு உங்ககிட்ட இடமே இல்லன்னுட்டாவளாம்."

"ஆறு மாசமா?" டாக்டர் சாதனா திரும்பினார். "யார் சொன்னா? நம்ம ஸ்டாஃபோட அப்பாவுக்கா? நானே அழைச்சுண்டு வாங்கோன்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டார். நிறுத்தியது பிந்திவிட்டது.

கண்ணன் அக்காவைப் பார்த்தான். பெரியப்பா வாசலில் இருந்து எட்டிப் பார்த்தார். பெரியம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை அணைத்துக்கொள்ள யாரும் ஓடி வரவில்லை.

"இடம் இருந்துச்சுடா" என்றாள் மாரீஸ்வரி. "எந்நேரமும் இருந்துச்சு. என் மேஜைல இருந்து பத்து எட்டுல அந்த ரூம். அங்க எல்லார்கிட்டயும் அப்பாவப் பத்திப் பெருசா சொல்லி வச்சிருந்தேன். அப்பா இந்தக் கையோட, இந்தச் சட்டையோட வந்து நின்னா எல்லாருக்கும் தெரிஞ்சிருமேன்னு எனக்கு வெட்கமா இருந்துச்சு. அதான். வேற ஒண்ணுமே இல்ல."

மீனாட்சியம்மாள் மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. புருஷனின் நெஞ்சில் கிடந்த மாலையில் ஓர் இதழ் கோணலாக இருந்தது, அதை நேராக்கினாள். பிறகு எல்லா இதழ்களையும் ஒவ்வொன்றாக நேராக்கிக்கொண்டே இருந்தாள். கண்ணன் கன்னத்தில் பெரியப்பாவின் விரல்கள் இன்னும் சிவப்பாகத் தெரிந்தன. அடித்தவருக்கு அவனைப் பார்க்கத் தைரியமில்லை. அவர் சங்கு ஊதுகிறவனிடம் ஏதோ சொல்வதுபோல வெளியே திரும்பிக்கொண்டார்.

"எலே கண்ணா" என்றாள் மாரீஸ்வரி. அவன் வேட்டியின் நுனியைப் பிழிந்தான். பிழியத் தண்ணீர் எதுவும் இல்லை.

வெளியே சவ வண்டியின் ஹாரன் இரண்டு தடவை கேட்டது. டாக்டர் சாதனா கும்பிட்டுவிட்டுக் கிளம்ப எழுந்தார். எழுந்தவர், பெரியவருக்குச் செய்கிற மரியாதையாகக் குனிந்து இரண்டு பாதங்களையும் தொட்டார். இடது கை தொட்டுவிட்டு விலகியது. வலது கை விலகவில்லை. கறுத்த பாதத்தின் மேல்புறத்தில், எலும்புக்குப் பக்கத்துப் பள்ளத்தில், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து அழுந்தி நின்றுவிட்டன. கிளினிக்கில் யார் வந்தாலும் பெயரைக் கேட்பதற்கு முன்னால் அவர் விரல் போகிற இடம் அதுதான்; காலுக்கு ரத்தம் வருகிறதா என்று அங்கே துடிப்பைத் தேடுவார். தான் செய்வது அவருக்கே தெரிந்ததோ என்னவோ, தலையைச் சற்றுச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

பெரியப்பா உள்ளே தலையை நீட்டினார். "நேரம் ஆவுது. தூக்கலாமா?"

"கொஞ்சம் இருங்க பெரியப்பா" என்றான் கண்ணன். "டாக்டரம்மா அப்பாவப் பாத்துக்கிட்டு இருக்காவ."